காது குத்திய நாளில் முழங்கை

அன்றைக்கு என் மகளின் கையை இழுத்தது நானா, என் அண்ணனா? எட்டு மாதமாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

காதுகுத்து அவளுக்குப் பதினோராம் மாதமே நடந்திருக்க வேண்டியது. சளி, பல் முளைக்கிறது, வெயில் அதிகம் என்று ஏதாவது சொல்லி நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். இரண்டேகால் வயதானபோது மாமியார் என்னைக் கேட்காமலே நாள் குறித்துவிட்டார். "மூணாம் வயசு ஓடுது, ஒத்தப்படைதான்" என்று கணக்கும் சொல்லிவிட்டார்.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் குலதெய்வக் கோயில். பந்தல் போட்டிருந்தோம். பின்பக்கம் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். என் அண்ணன் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். இறுகிப்போன போல்ட்டையும் வெறுங்கையால் கழற்றிவிடுவார் என்று பெயர். முதல் காது, அவளுக்கு என்னவென்று புரிவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது காதுக்கு வருவதற்குள் புரிந்துவிட்டது. மடியிலிருந்து அப்படியே நழுவினாள். "ஆட்டாமப் புடிங்க, ஆட்டாமப் புடிங்க" என்று காது குத்துகிற பத்தர் கத்தினார். நான் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். அண்ணன் இடுப்பைப் பிடித்துத் தன் பக்கம் தூக்கினார். நான் விடவில்லை.

காது குத்தியாகிவிட்டது. அவள் அழுதாள். காது குத்தினால் அழத்தானே செய்வாள்? எல்லோரும் காதைத்தான் பார்த்தோம்.

கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. மாமியாரின் தங்கை, எங்கள் சின்னத்தை, ஒரு ஜிலேபியை நீட்டினார். மகள் இடக்கையை நீட்டினாள்.

"பீச்சாங்கையில வாங்கப்படாது சாமி. சோத்தாங்கையில வாங்கு."

மறுபடியும் இடக்கைதான் வந்தது.

"ஏன் அம்மிணி, புள்ளைக்கு இதெல்லாம் சொல்லித் தர்றதில்லையா?" என்று சின்னத்தை என்னைப் பார்த்தார்.

"அவ புள்ள வளர்க்கறதப் பத்திப் பொஸ்தகம் படிக்கறா. வளர்க்க நேரமெங்க இருக்குது?" என்றார் மாமியார். பந்தலே சிரித்தது.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் தினமும் சொல்லித்தருகிறேனே! அந்த அவமானத்தில் நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவள் வலக்கையைப் பிடித்து நானே ஜிலேபியை நோக்கி நீட்டப் போனேன். வீறிட்டாள். "இந்தக் கை வேண்டா" என்றாள்.

அப்போதுதான் கையைக் கவனித்தேன். உடம்போடு ஒட்டி, முழங்கை லேசாக மடங்கி, உள்ளங்கை உட்பக்கம் திரும்பித் தொங்கியது. வீக்கமில்லை, சிவப்பில்லை. பந்தலில் கிடந்த ஒரு பலூனை அவள் வலப்பக்கம் வைத்துப் பார்த்தேன். வயிற்றைத் தாண்டி இடக்கை வந்து எடுத்தது. மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் அப்படியே.

"கையில என்னமோ ஆயிருச்சுங்க அத்தை."

"காது குத்துனா கை எதுக்கு வலிக்கும்? உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

அது உண்மைதான் என்பதுதான் கஷ்டம். நான் பயந்த நூறு விஷயங்களில் தொண்ணூற்றொன்பது ஒன்றுமில்லாமல் போயிருக்கின்றன. இதுவும் அப்படித்தானோ? பந்தி போடுகிற நேரத்தில் விருந்தாளிகளை விட்டுவிட்டுப் போவதா? குழம்பு வாளியோடு பந்திக்குப் போன கணவரை வழியில் நிறுத்தினேன். "ஏனுங்க, வண்டிய எடுங்க" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அண்ணனும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் கிளம்பினோம். பள்ளியில் 'முழங்கை எவ்வகை மூட்டு?' என்ற கேள்விக்குக் 'கீல் மூட்டு' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். கதவு மாதிரி மடங்கும், நீளும். அந்தக் கதவை நான் உடைத்துவிட்டேன் என்று முடிவே கட்டியிருந்தேன்.

மருத்துவர் தோளையும் காறையெலும்பையும் மணிக்கட்டையும் மெல்லத் தொட்டுப் பார்த்தார். "கையப் புடிச்சு இழுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க" என்றார் அண்ணன்.

"இல்லீங்க, நான்" என்றேன்.

"கால நான் புடிச்சிருந்தனுங்க" என்றார் கணவர்.

"ஒரு சின்னப் புள்ளைக்கு இத்தன பேரா!"

பேசிக்கொண்டே அவள் முழங்கையில் கட்டைவிரலை வைத்தார். இன்னொரு கையால் அவள் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, முழங்கையை மடக்கினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். அவள் ஒரு கத்துக் கத்தி நிறுத்தினாள்.

முழங்கையில் இருப்பது கீல் மூட்டு மட்டும் இல்லை என்றார் மருத்துவர். முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலையை ஒரு நார் வளையம் சுற்றிப் பிடித்திருக்கிறது. அந்த வளையத்துக்குள் தலை சுழல்வதால்தான் நம்மால் உள்ளங்கையைத் திருப்ப முடிகிறது. சின்னக் குழந்தைகளுக்கு வளையம் இளக்கமாக இருக்குமாம். நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்தால் அது நழுவி, எலும்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

"லாரியில அச்சச் சுத்தியிருக்கற புஷ் வளையம் நழுவுன மாதிரிங்களா டாக்டர்?" என்று அண்ணன் கேட்டார். கோயிலிலிருந்து கிளம்பியபின் அவர் முகத்தில் இப்போதுதான் ரத்தம் ஓடியது.

"அதேதான். சுத்தியல் எடுத்துட்டு வந்துராதீங்க."

வளையம் இடத்துக்கு வந்துவிட்டது, அவளே கையைத் தூக்குகிறாளா என்று பார்க்க வெளியே பத்து நிமிடம் காத்திருங்கள் என்றார். மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் மீன்தொட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு வலக்கையைச் சாவகாசமாகத் தூக்கி, புதுத் தோட்டைப் பிடித்து இழுத்து, "இத எடு" என்றாள். காதைத் தொடாதே என்று காலையெல்லாம் மிரட்டிய நானே கைதட்டினேன். அண்ணன் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சுற்றினார். காத்திருந்த மற்ற அம்மாக்கள் எங்களை வினோதமாகப் பார்த்தார்கள்.

கோயிலுக்குத் திரும்பினோம். பந்தி முடிந்திருந்தது, எங்களுக்கு இலை போட்டு வைத்திருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். மாமியார் மகளுக்கு ஒரு ஜிலேபியை எடுத்துவந்து நீட்டினார். மகள் நீட்டியது மறுபடியும் இடக்கை! எல்லோரும் அவள் வலக்கையைப் பார்த்தோம்.

"எந்தக் கையில வேணா வாங்கிக்க சாமி" என்றார் மாமியார் அவசரமாக.

"இன்னொண்ணு" என்று வலக்கையும் வந்தது. பந்தல் முழுக்கச் சிரிப்பு. மாமியார் சிரித்தபடியே என் இலையில் கறியை அள்ளி வைத்தார். "உண்ணு கண்ணு. காத்தால இருந்து நீ ஒண்ணும் உண்ணல" என்றார். நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கினேன்.

இனி, இதைப் படிக்கும் உங்களிடம் கேட்க வேண்டியது. ஐந்து வயதுவரை இது மறுபடியும் நழுவலாம், கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சரி. ஆனால் இவளோ, கடைவீதியில் நடக்கும்போது பிடிக்காதது எதுவானாலும் கால்களை மடக்கித் தரையில் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறாள். வண்டிகள் வருகின்றன. பிடித்தால் முழங்கை, விட்டால் சாலை. தோள்பக்கம் பிடித்துப் பார்த்தேன், திமிறுகிறாள். தூக்கிக்கொண்டு நடந்தால், "நடக்கறேன், நடக்கறேன்" என்று உதைக்கிறாள். இப்படியொரு குழந்தையை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், சாலையில் அவளை எப்படிப் பிடித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.