மாமனாருக்கு ஏற்ற காற்று

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மோட்டார் சைக்கிள் டயரில் காற்று பார்த்ததை ஒரு கதை என்று எவன் உட்கார்ந்து படிப்பான்? அதுவும் நான் நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பம்பு பிடித்தால் வலிக்காத கை, பேனா பிடித்தால் வலிக்கிறது. ஆனாலும் அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் என்னால் ஒரு இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

என் கூட்டுக்காரன், சின்ன வயதிலிருந்தே சிநேகிதன், முட்டத்துக்காரன். கொல்லத்துக்குக் கருவாடு அனுப்புகிற குடும்பம். மலையில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்ற மோட்டார் சைக்கிளை அவன் வாங்கியிருந்தான். அது கிளம்பினால் முட்டத்தில் பாதிப் பிள்ளைகள் பின்னால் ஓடும், மீதிப் பிள்ளைகள் அழும். நாகர்கோவிலில் எங்கள் அப்பா வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்ததால், அந்த வண்டிக்கு வைத்தியன் நான்தான் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

அவனுக்குக் கோட்டாற்றில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா கொப்பரை மொத்த வியாபாரி. சவேரியார் கோயில் திருவிழாவில் பெண்ணைப் பார்த்ததிலிருந்து, இவளை விட்டால் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தான். பெண் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். வியாபாரிக்கு மட்டும் அந்த வண்டி பிடிக்கவில்லை. தரகரிடம் அவர் சொல்லியனுப்பியது இதுதான்:

"எனக்க மவளை அதுல ஏத்துவான்லா? மொதல்ல என்னை ஏத்தட்டும். வீடு பாக்க நான் அவனுக்க பின்னால இருந்தே முட்டம் வாறேன். முழுசா எறங்கினா மத்ததைப் பேசுவோம்."

கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒத்திகை பார்க்கலாம் என்று மறுநாளே என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். நாகர்கோவிலை விட்டதும் என்ன வேகம்! இரண்டு பக்கமும் வயல், முகத்தில் காற்று, வாயைத் திறந்தால் பூச்சி. நான் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன். வெள்ளிச்சந்தைக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கே வண்டியின் பின்பக்கம் மட்டும் பிடிபட்ட மீனின் வால் மாதிரி ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த நிமிடம் நானும் அவனும் வயல் சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அடி ஒன்றுமில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, அவனை ஏறி இருக்கச் சொல்லி, நானும் பின்னால் இருந்து குனிந்து பார்த்தேன். பின் டயர் தோசை மாதிரி பரந்து கிடந்தது. ஒருவன் போகப் போதுமான காற்று, இரண்டு பேருக்குப் போதவில்லை.

சைக்கிள் டயரென்றால் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்தத் தடியன் டயர் விரலுக்கு மசியவில்லை. காற்றை அளக்கப் பென்சில் போல ஒரு கருவி உண்டாம். அது வெள்ளைக்காரரின் பையோடு கப்பலேறிவிட்டது. அவருடைய டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். அவர் ஒரு வழி சொன்னார். தரையில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி, ஆட்கள் ஏறி இருக்கையில் வண்டியை அதன்மேல் உருட்ட வேண்டும். தடம் டயரைவிட அகலமாகப் பரந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் ஒரு கோடு விழுந்தால் கூடுதல், வண்டி கல்லுக்குக் கல் துள்ளும். இரண்டுக்கும் இடையில் நிறுத்த வேண்டும். அதையும் வெயில் ஏறும் முன்பே, வண்டி ஓடும் முன்பே பார்த்துவிட வேண்டும். சூடேறினால் உள்ளே காற்று வீங்கி நம்மை ஏமாற்றும்.

எல்லாம் சரி. ஏற்றி வைத்துப் பார்க்க மாமனாருக்கு எங்கே போவது? அவர் லேசான ஆள் இல்லை. குடை பிடித்து நடந்தால் பாதி ஆள்தான் நனையாமல் வருவார். பெண் கேட்டுப் போன வீட்டில், உங்கள் எடை என்ன என்று எப்படிக் கேட்பது?

"நீ கவலைப்படாண்டாம் மக்கா" என்று சொல்லிவிட்டு நேரே கோட்டாற்றுக் கொப்பரைக் கடைக்குப் போனேன். கடை நடுவே உத்தரத்தில் ஒரு பெரிய தராசு தொங்கியது. ஒரு தட்டில் நானே ஏறிப் படுக்கலாம். கடை நிறையக் கூட்டம். நான் அந்தத் தராசை மேலும் கீழும் பார்த்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது தட்டு கொஞ்சம் இறங்கி நிற்கிற மாதிரி இருக்கிறதே என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னேன்.

கல்லாவில் இருந்த வியாபாரி அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். கூட்டத்தை விலக்கிவிட்டு வலது தட்டில் தானே ஏறி உட்கார்ந்தார். எதிர்த் தட்டில் எடைக்கல்லை அடுக்கச் சொன்னார். முள் நேராக நின்றது. பிறகு இறங்கி, தட்டு மாறி உட்கார்ந்து, கற்களையும் மாற்றி வைக்கச் சொன்னார். அப்போதும் முள் நேராகவே நின்றது. கணக்குப்பிள்ளை அவர் எடையைத் தெருவுக்கே கேட்கும்படி இரண்டு தடவை கூவினார்.

"இப்போ எந்தத் தட்டுலே எறங்கி நிக்கு? கண்ணைக் களுவிட்டு வாலே" என்றார் வியாபாரி.

நான் மன்னிப்புக் கேட்டு, கும்பிட்டு, அந்த எடையை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே முட்டம் வரை சைக்கிள் மிதித்தேன்.

கூட்டுக்காரன் வீட்டில் கருவாடு அடுக்கி வைக்கிற கிட்டங்கியிலும் தராசு உண்டு. மறுநாள் விடியும் முன்பே, சரியாக அதே எடைக்கு ஒரு சாக்கில் நெத்திலிக் கருவாட்டை நிறைத்துப் பின் இருக்கையில் கட்டினோம். நான் என் துண்டை அதற்குத் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டு, வாங்க மாமா, சௌகரியமா இருக்கியளா என்று விசாரித்தேன். கூட்டுக்காரன் சிரிக்கவில்லை. சாம்பலில் உருட்டுவதும், குனிந்து பார்ப்பதும், காற்று அடிப்பதுமாக வெயில் ஏறப் பார்த்தது. கடைசியில் தடம் டயர் அகலத்துக்கு அழகாக விழுந்தபோது இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அப்படியே கருவாட்டு மாமனாரோடு வெள்ளிச்சந்தை வளைவுக்குப் போய்த் திரும்பினான். வண்டி அசையவில்லை. ஊர்ப் பூனை முழுவதும் பின்னால் வந்ததுதான் மிச்சம்.

வீடு பார்க்கும் நாள் வந்தது. முந்தின ராத்திரியே எங்கள் கடையில் கொண்டுவந்து வைத்திருந்த வண்டியை, சூடேறாதபடி விடியும்போதே கோட்டாற்றுக்கு உருட்டிப் போய் அவர் வாசலில் நிறுத்தி டயரைப் பார்த்துவிட்டோம். எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் அவர் உள்ளேயிருந்து வந்தார். தோளில் ஒரு ஏத்தன் வாழைக்குலை. சாதாரணக் குலை இல்லை, அவர் இடுப்புக்கு இறங்குகிற குலை.

அதைப் பின்னால் பஸ்ஸில் அனுப்பலாமே என்றான் கூட்டுக்காரன், பைய. வீடு பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடா போவான் என்று கேட்டுவிட்டுக் குலையை மடியில் வைத்துக்கொள்ளத் தயாரானார். கூட்டுக்காரன் என்னைப் பார்த்தான். நான் பம்பை எடுத்துப் பின் டயரில் மாட்டினேன்.

"இப்பம் எதுக்குலே காத்து அடிக்கே?"

"குலை கனமா இருக்குல்லா மொதலாளி."

"குலைக்காக்கும். அப்போ எனக்கு?"

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

"ஒங்களுக்கு உள்ளதை முன்னமே அடிச்சாச்சு. அன்னைக்குத் தராசுல ஏறி இருந்தியள்லா, அந்தக் கணக்குக்கு."

கூட்டுக்காரன் முகம் கடல்பாசி நிறத்துக்குப் போயிற்று. வியாபாரி என்னைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கோபமா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"ரெண்டையும் சேத்து நல்லா பாத்து அடி" என்றார்.

சாம்பல் கொண்டுவரச் சொல்லி, அவர் குலையோடு ஏறி இருக்க, வண்டியை உருட்டித் தடம் பார்த்தேன். அவரும் மேலிருந்தே எட்டிப் பார்த்தார். அவர் வீட்டார் கொடுத்த பலகாரத்தையும் காப்பியையும் அவர்கள் இரண்டு பேரும் முடிக்கும் முன்பே நான் சைக்கிளில் முந்திக் கிளம்பிவிட்டேன். எனக்கு அந்த வளைவைப் பார்த்தாக வேண்டும்.

வளைவுக்கு நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது, அறுத்த வயலிலிருந்து ஒருவன் வாத்துக் கூட்டத்தைச் சாலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். சாலை நிறைய வாத்து. திரும்பிப் பார்த்தால் வண்டி வருகிறது. கையை ஆட்டினேன், தொண்டை கிழியக் கத்தினேன். வாத்துகளின் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கூட்டுக்காரன் வளைவில் திரும்பியதும்தான் வாத்துகளைக் கண்டான். பிரேக்கை அழுத்தினான். பின் சக்கரம் சரளைக் கல்லைக் கடித்துக்கொண்டு கறகறவென்று வந்து, ஒரு விரற்கடை கூட ஒதுங்காமல், முதல் வாத்துக்கு முன்னால் நின்றது. வியாபாரி குலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வாத்துகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்து போயின. நான் சாலையோரத்தில் நின்று தனியாகக் கைதட்டினேன். வண்டி என்னைத் தாண்டியபோது வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் முட்டம் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டையும் கிணற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கூட்டுக்காரன் தூணோடு தூணாக நின்றான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவன் அப்பாவிடம்தான் பேசினார்.

"வீடு நல்லா இருக்கு, கொள்ளாம். பையனும் கொள்ளாம். ஒண்ணு மட்டும் சொல்லுதேன். எனக்க மவ ஏறுத ஒவ்வொரு தடவையும் இன்னைக்குப் பாத்த மாதிரி ஆளுக்குத் தக்க காத்து பாத்துத்தான் ஏத்தணும். பாக்காம ஏத்தினதா கேட்டேன், அன்னைக்கே பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

உள்ளே பெண்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். குலையைப் பிரிக்கச் சொல்லி யாரோ கத்தி தேடினார்கள். கூட்டுக்காரன் கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தான். நானும் பின்னாலேயே போனேன்.

"அப்போ அந்தப் பிள்ளைக்க எடையும் தெரியணுமே மக்கா. நாளைக்குக் கொப்பரைக் கடைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரட்டுமா?"

"அந்த எடையை நான் பாத்துக்கிடுதேன், நீ உனக்க பம்பை எடுத்துட்டு ஒழுங்கா வீடு போய்ச் சேரு" என்றான்.