ஜன்னலுக்கு வெளியே வேதாந்தம்

வியாழக்கிழமை காலை கே.ஆர். மார்க்கெட் பஸ் ஸ்டாண்டில் மாகடி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எனக்கு வேதாந்தத்தின் மேல் எந்தக் கோபமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது இருந்தது. நடுவில் நடந்ததை எழுதுகிறேன். போவதா வேண்டாமா என்று போகாதவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும். ஆசிரமத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் தவறு அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

இது 1998 ஜனவரி. என்னோடு வந்தவர் கோமதி அக்கா. ஆஸ்டின் டவுனில் எங்கள் எதிர்வீடு, ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்து, தனக்கென்று எதுவும் செய்துகொள்ளாதவர். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி, மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடக்கும் வேதாந்த வகுப்புக்கு ஆறு வருடமாகப் போய்வந்தார். அந்த வகுப்பை நடத்தும் சுவாமிக்கு மாகடிப் பக்கம் ஓர் ஆசிரமம் இருக்கிறது. அங்கே தங்கிப் படிக்க மூன்று வருடப் படிப்பு உண்டு. ஒரு கூட்டம் படித்து முடித்த பிறகுதான் அடுத்த கூட்டத்தைச் சேர்ப்பார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இடம் இல்லை. அக்காவுக்கு நாற்பத்து நான்கு. நாங்கள் போன நான்கு நாள் முகாமின் கடைசி நாளில், ஒரு விஷயம் கொடுத்துப் பேசவைத்து ஆள் எடுக்கிறார்கள். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. சம்பளமில்லாத விடுப்புக்கு ஹெட்மிஸ்டிரஸிடம் சம்மதம்கூட வாங்கிவிட்டார்.

நான் துணைக்குப் போனவள். டெலிபோன் ஆபீஸில் குமாஸ்தா வேலை. நல்ல காற்று கிடைக்குமே என்று கிளம்பினேன். நாலு நாள் நிம்மதி என்றார் என் வீட்டுக்காரர். யாருக்கு என்று கேட்டேன், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பஸ் கட்டணம் பன்னிரண்டு ரூபாய். தாவரெகெரே தாண்டியதும் ஊர்ச் சத்தம் அடங்கி, இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் வந்தன. அறுவடை முடிந்த காலம். கேழ்வரகுக் கதிரை ரோட்டின் மேலேயே பரப்பி வைத்திருந்தார்கள், போகிற வருகிற வண்டியெல்லாம் இலவசமாகப் போரடித்துக் கொடுத்துவிட்டுப் போயின. மாகடிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால் ஒரு கைகாட்டியில் இறங்கினோம். அங்கிருந்து மண்பாதையில் மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். ஆசிரமத்துக்கா என்று கேட்ட ஆட்டோக்காரர் தமிழும் கன்னடமுமாகச் சொன்னார்: "ஒள்ளே ஜன, நல்லவங்கம்மா. வருஷத்துக்கு ஒரு தடவ ஊருக்கே சாப்பாடு போடுவாங்க." அவர் சொன்னது பொய்யில்லை. நல்லவர்கள்தான். என் கோபமே அங்கேதான் இருக்கிறது.

இடத்தைக் குறை சொல்ல முடியாது. புங்கமரங்கள் வரிசையாக நிற்க, நடுவில் ஓடு வேய்ந்த பெரிய ஹால், பின்னால் கோசாலை, அதற்கும் பின்னால் பாறை. விடிவதற்கு முன்பே மணி அடிக்கும். தியானம், பாடம், பிறகு தோட்டத்தில் ஏதாவது வேலை. மத்தியானம் முத்தை என்கிற கேழ்வரகுக் களி உருண்டையும் அவரைக்காய்ச் சாறும். மைசூர்ப் பக்கம் பிறந்தவர்கள் முத்தையை மெல்லாமல் விழுங்கினார்கள். நான் மென்று மென்று பல்லில் ஒட்டவைத்துக்கொண்டு விழித்தேன். சாப்பிடும்போது பேசக் கூடாது. அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குந்தி உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தட்டு தேய்ப்பதைப் பார்த்து எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதையே வந்துவிட்டது.

வியாழன் மாலையே முதல் பாடம். சுவாமிக்கு அறுபது வயது இருக்கும். கணீரென்ற குரல், சுலபமான தமிழ். உடம்பு நீ அல்ல என்றார். உடம்பு பிறக்கிறது, பசிக்கிறது, நோகிறது, சாகிறது. இதையெல்லாம் அறிகிற நீ இதில் எதனாலும் அழுக்காவதில்லை, உனக்கு ஆண் பெண் பேதம் கிடையாது என்றார். அக்கா முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். பசித்தவள் இலை முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை, காலைப் பாடம் முடிந்த நேரம். அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, ஆகிவிட்டது, ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது என்றார். முதல் நாளே பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் சாவித்ரம்மா எல்லாரிடமும் தணிந்த குரலில் சொல்லியிருந்தார், அந்த நாளாக இருந்தால் தெரிவித்துவிட வேண்டும் என்று. கோசாலைக்குப் பக்கத்தில் தனி அறை இருக்கிறதாம். வாசலில் 'விஸ்ராந்தி' என்று போர்டு வேறு.

"சொல்லாதீங்க அக்கா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே. சத்தியம் படிக்க வந்துட்டு, பொய் சொல்லிக்கினு எப்படி உக்கார்றது?" என்றார். நேராகப் போய்ச் சொல்லிவிட்டார்.

சாவித்ரம்மா கொடுமைக்காரி இல்லை. பாய் கொடுத்தார், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொடுத்தார். கொடுத்தார் என்றால் கையில் அல்ல. தரையில் வைத்து, இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். "ஒளகே பரபேடி, ஆயித்தா? ஹாலுக்குள்ள மட்டும் வராதீங்க" என்று கெஞ்சுவது போலத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தேர்வு இருக்கிறதே என்று அக்கா கேட்டதற்கு அவர் சொன்ன யோசனையைக் கேளுங்கள். எல்லாம் நின்றுபோன பிறகு நிம்மதியாக வந்து படிக்கலாமாம். நாற்பத்தைந்துக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்று போர்டு எழுதி மாட்டியவர்களும் இவர்கள்தான். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு தடவையாவது யோசித்துப் பார்த்தார்களா? ஒருவரும் யோசிக்கவில்லை. அத்வைதத்தில் மயிர் பிளக்கிற கூட்டத்துக்கு இது தோன்றவே இல்லை.

நான் அறையில் அக்காவோடு போய் உட்கார்ந்தேன். திரும்பியபோது, தொட்டுவிட்டீர்கள், குளித்துவிட்டு ஹாலுக்கு வாருங்கள் என்றார்கள். ஜனவரிக் குளிரில் கிணற்றுத் தண்ணீர். மாலைக்குள் மூன்று குளியல். நான்காவது தடவை, குளிக்க மாட்டேன், ஹாலுக்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த அறையிலேயே படுத்துக்கொண்டேன். கோசாலை மாடுகள் தாராளமாக ஹால் வாசல் வரை நடந்துபோய்ச் சாணம் போட்டுவிட்டு வந்தன. ஆறு வருடம் படித்த ஒரு டீச்சரால் அந்தப் பக்கம் காலை வைக்க முடியவில்லை. அக்காவோ நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, காற்றில் ஹாலிலிருந்து வந்த பாதிப் பாதி வார்த்தைகளைக் கோத்து எழுதிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை, தட்டு கழுவுமிடத்தில் மல்லேஸ்வரத்து அம்மாள் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். எப்போதும் முதல் வரிசையில் உட்கார்பவர். தனக்கும் நேற்றிலிருந்து அதேதான், தான் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் அக்கா ஏன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்று காதோடு கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மறைத்தவருக்கு முதல் வரிசை, மறைக்காதவருக்கு மாட்டுக்கொட்டகைப் பக்கம் என்று வைத்திருக்கிறார்களே, அந்த ஏற்பாட்டின் மேல் வந்தது.

அன்று மாலை சந்தேகம் கேட்கும் நேரம். இதற்காகவே இன்னொரு முறை குளித்துவிட்டுப் போனேன். ஹாலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எழுந்து நின்று, உடம்பு நான் அல்ல என்றால் அந்த உடம்புக்கு வந்த மாதவிலக்கு எனக்கு எப்படித் தீட்டு என்று கேட்டேன். அந்த வார்த்தையைச் சொன்னதும் ஆண்கள் பக்கம் தலைகள் குனிந்தன. சுவாமி கோபப்படவில்லை. நல்ல கேள்வி என்றார். கடைசி உண்மையில் எந்தப் பேதமும் கிடையாது, அது பரமார்த்தம்; ஆனால் நாம் வாழ்வது நடைமுறையில், அது வியவகாரம்; வியவகாரத்தில் ஆசாரத்தை விட முடியாது என்று விளக்கினார்.

"அப்ப பாடம் எதுல நடக்குது சாமி? பரமார்த்தத்துலயா, வியவகாரத்துலயா?" என்றேன்.

"பாடமும் வியவகாரம்தாம்மா" என்று சிரித்தார். ஹாலே சிரித்தது. மல்லேஸ்வரத்து அம்மாளும் சிரித்தார்.

எவ்வளவு வசதியான வேதாந்தம் பாருங்கள். மேடையில் பேசும்போது எல்லாரும் ஒன்று, வாசலில் நிறுத்தும்போது வேறு வேறு. எதைக் கேட்டாலும் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஏறிக்கொள்கிறார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை, வெளியே வந்து சாவித்ரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்குத் தேர்வில் அக்கா பேசாமல் இந்த ஊரை விட்டு நகர மாட்டேன் என்று கத்தினேன். அந்த ஆசிரமத்தில் கத்தல் கேட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். அவர் மிரண்டுபோய்ச் சுவாமியிடம் ஓடினார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதில் வந்தது. கிழக்கு ஜன்னலுக்கு வெளியே, புங்கமரத்தடியில் நின்று கோமதி பேசலாம்.

இது என்ன சலுகை, போக வேண்டாம் என்றேன். அக்கா போகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு பேர் ஹாலுக்குள் நின்று பேசினார்கள். நான் அக்காவோடு மரத்தடியில் நின்றேன். ஜன்னல் உயரம், உள்ளே இருப்பவர்களுக்கு எங்கள் முகம் தெரியாது. அக்கா பெயரைக் கூப்பிட்டதும் அவர் வகுப்பில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். எல்லாவற்றையும் அறிகிறவனை ஏன் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அவருக்குக் கொடுத்த விஷயம். "டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கறா. எல்லாப் பேரையும் கூப்புடறா, தன் பேர மட்டும் கூப்புடறதில்ல. லிஸ்ட்டுல பேர் இல்லன்றதுக்காக டீச்சர் கிளாஸ்ல இல்லன்னு ஆயிடுமா? அவ இருக்கறதனாலதானே கிளாஸே நடக்குது?" என்று தொடங்கி, கால் மணி நேரம், ஒரு வார்த்தை அதிகம் இல்லாமல் சொல்லி முடித்தார். ஆறு வருடம் அவரோடு பஸ் ஏறியிருக்கலாமே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

உள்ளேயிருந்து சுவாமியின் குரல் கேட்டது. இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை, ஜூன் மாதம் வந்து சேர்ந்துகொள்ளம்மா என்றார். நான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி, நமஸ்காரம்" என்றார் அக்கா. "எனக்கு அந்த எடம் வேணாம்."

ஹாலுக்குள் பாய்கள் சரசரத்தன.

"மாசத்துக்கு நாலு நாள் நான் வெளிய நிக்கணும். மூணு வருஷத்துல நூத்தி நாப்பத்திநாலு நாளு. அவ்வளவு நாள் வராத பொண்ண எங்க ஸ்கூல்ல நானே பரீட்சை எழுத விடமாட்டேன். பொய் சொன்னா உள்ள உக்காரலாம், எனக்கு அது வராது. எல்லாம் நின்னப்புறம் வரலாம்னா, உங்க வயசுக் கணக்கு ஒத்துக்காது. நீங்க சொல்லிக்கொடுத்தது எல்லாம் நெஜம்னு நம்பறேன் சாமி. அதனாலதான் வேணாம்ன்றேன்."

ஆண் பெண் பேதமில்லாத ஆத்மாவைப் பற்றி நான்கு நாள் ஓயாமல் பேசிய அந்தக் குரலிலிருந்து யோசித்துச் சொல்லம்மா என்று ஒரே ஒரு வாக்கியம் வந்தது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பதினோரு மணிக்குக் கிளம்பினோம். ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றார் சாவித்ரம்மா, அவர் கண் கலங்கியிருந்தது. வேண்டாம் என்று நடந்தோம். மூன்று கிலோமீட்டரும் நான்தான் பேசினேன், பேசினேன் என்பதைவிடத் திட்டினேன் என்பது சரி. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அழுதாலாவது தேவலை என்றிருந்தது எனக்கு.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் எப்படியோ ஒருவரை எழுப்பி அக்காவை உட்காரவைத்தார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு கிராமத்துப் பெண் இடுப்பில் குழந்தையும் தலையில் அவரைக்காய் மூட்டையுமாக ஏறினாள். மூட்டையை இறக்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். சுற்றிப் பார்த்தாள். நீ யார், இன்று என்ன நாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையை அக்கா மடியில் பொத்தென்று உட்காரவைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நாளாக என்னைத் தவிர ஒருவரும் தொடாத அக்கா, அந்தக் குழந்தையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மார்க்கெட் வரும்வரை அழுதார்.