முத்து அக்காவின் சோப்பு

தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்த வாடை... முத்தாபுதுப்பேட்டையில் அந்தத் தெருவுக்குள் கார் திரும்பியதுமே மூக்கில் ஏறியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வக்கீலாகிச் சில மாதங்கள்தான். சீனியரிடம் ஒரு பெரிய சோப்பு கம்பெனியின் கேஸ். ஆவடிப் பக்கம் யாரோ அவர்கள் பெயரையும் உறையையும் காப்பியடித்துத் துணி சோப்பு விற்கிறார்களாம். சரக்கைக் கைப்பற்ற கோர்ட் வேறொரு வக்கீலைக் கமிஷனராக நியமித்திருந்தது.

"நீ ஆவடிப் பொண்ணுதானே, கூடப் போய் வழி காட்டு" என்றார் சீனியர்.

கேஸ் பேப்பரில் சோப்பின் பெயரும் விலாசமும்தான் இருந்தன. எதிராளி யாரென்று கதவு திறந்தபோதுதான் தெரிந்தது.

முத்து அக்கா.

ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம், எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர். கணவர் இறந்தபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போனவர்...

கமிஷனர் உத்தரவைப் படித்தார். அக்காவுக்கு ஒன்றுதான் புரியவில்லை.

"எம் பேரே முத்துதான் சார். எம் பேர எஞ்சோப்புக்கு வெக்கக் கூடாதா?"

கமிஷனர் கம்பெனி சோப்பையும் அக்காவின் சோப்பையும் அருகருகே வைத்தார். உறையில் அதே நீலம், அதே முத்துச்சிப்பி, எழுத்தின் வளைவு உட்பட.

"பேர் உங்களுதும்மா. படம்?"

"அது... அம்பத்தூர் பிரஸ்காரரு போட்டுக் குட்த்தாரு. நல்லா கீதுன்னு நானும் சரின்ட்டேன்."

சட்டம் எங்கள் பக்கம்தான். அதில் எனக்கு ஓர் ஆறுதலும் கிடைக்கவில்லை.

எங்களோடு வந்திருந்த கம்பெனி ஆள் என் முகத்தையே பார்த்தார்.

"இவங்கள உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

நான் வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "யாருன்னே தெரியாது சார். இப்பத்தான் பாக்கறேன்."

சோப்பையெல்லாம் கோணியில் கட்டி அரக்கு சீல் வைக்கும்வரை நான் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது...

அந்தப் பெயரும் படமும் இனி வேண்டாம் என்று அக்கா கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார். கேஸ் முடிந்தது. சீனியர் பாராட்டினார். வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

பிறகொரு நாள் ஆவடி ரயில்வே ஸ்டேஷனில் அக்கா. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஏங்க்கா என்னத் தெரியாதுன்னு சொன்னீங்க?"

"பின்ன இன்னாடி சொல்றது? தெரிஞ்ச பொண்ணுன்னா உன் வேலைக்கு எதுனா ஆயிட்டா? நீ கோட்டு போட்டுகினு நின்னியே, எனக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சி. ஒரு வாய் காபி குடுக்க முடியலியேன்னுதான்..."

"இப்ப என்னக்கா பண்றீங்க?"

"அதே சோப்புதான். உறை இல்லாம விக்கிறேன். வாங்கறவங்க வாங்கறாங்க."

மின்சார ரயில் வந்தது. அவரை ஏற்றிவிட்டு நான் ஏறாமல் நின்றேன். எதிரில் உட்கார்ந்து வர முடியாது என்று தோன்றியது.

இப்போதெல்லாம் நோட்டீஸ் மெயிலில் பறக்கிறது. ஆன்லைனில் எதிராளியின் கடைப் பக்கம் மறைந்தால் வேலை முடிந்தது... யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. போன வாரம் என் ஜூனியர் அப்படி ஒன்றை முடித்துவிட்டு, சிரித்தபடி லஞ்சுக்குக் கூப்பிட்டாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.