முப்பது நாள் வெகேஷன்

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். பந்து வீசுகிறவர் பாதி தூரம் ஓடி வந்திருப்பார். மட்டை பிடித்து நிற்பவர் திடீரென்று கையைத் தூக்கிக்கொண்டு விலகுவார். எதிரே நிற்கிற பெரிய திரைக்குப் பக்கத்தில் யாரோ நடமாடுகிறார்களாம், கண்ணை உறுத்துகிறதாம். காவலாளிகள் ஓடுவார்கள், அந்த ஆளை உட்கார வைப்பார்கள், ஆட்டம் தொடரும். எங்கள் பக்கத்துச் சர்வதேச மைதானத்தில் இது நடக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் திரை நிற்கிற இடத்தில்தான் எங்கள் வீடு இருந்தது. அப்பா, அம்மா, நான், தம்பி என்று நாலு பேர் நாளெல்லாம் நடமாடிய இடம் அது. அப்போது எந்த ஆட்டக்காரருக்கும் கண் உறுத்தவில்லை.

மைதானத்தின் பெயரை எழுத மாட்டேன். அதற்கு விளம்பரம் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பம்பாயில் சுனாபட்டிக்கும் செம்பூருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்பு படிக்கும்வரை அது வெறும் கிளப் மைதானம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் அணிகள் ஆடும். பார்க்க வருகிற மனிதர்களைவிட நாய்கள் அதிகம். அப்பா அங்கே மாலி. பம்பாயில் தோட்டக்காரரையும் மாலி என்பார்கள், மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவரையும் மாலி என்பார்கள். புல் வெட்டுவது, தண்ணீர் அடிப்பது, ரோலர் இழுப்பது, கோடு போடுவது, மழை வந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அவர்தான். ரோலர் நிறுத்தும் கொட்டகையை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் அறையைக் கிளப் கொடுத்திருந்தது. தம்பியும் நானும் பிறந்தது அந்த அறையில்தான்.

ஆடுகளத்தில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அப்பா வீட்டுச் சாவியை மண்ணில் அழுத்துவார். சாவி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது அவருக்குக் கணக்கு. பிறகு அதே சாவியைக் கொண்டு கதவைத் திறப்பார். பூட்டுக்குள் மண் அடைத்துக்கொண்டு திறக்காது. "வீட்ட தெறக்கச் சாவியா, மண்ணக் குத்தச் சாவியா?" என்று அம்மா வாரம் ஒரு முறையாவது கேட்பாள். மேட்ச் நாட்களில் ஆட்டக்காரர்களுக்கு டீயும் வடையும் அவள்தான் போட்டுக் கொடுப்பாள்.

ஒருநாள் டை கட்டிய சிலர் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். அடுத்த மாதமே புல்தரையைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். அடியில் குழாய் பதித்து, மேலே மணல் கொட்டி, லாரி லாரியாகச் செம்மண் இறக்கினார்கள். வெளிநாட்டு அணிகள் இனி இங்கே வந்து ஆடும் என்றார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தாராவியில் இருந்த பெரியப்பாவிடம் போய், "நம்ம கிரவுண்டு இன்டர்நேசனல் ஆவுது" என்றார். "அப்போ இனிமே ஒங்கூடப் பேசணும்னா பாஸ்போட்டு எடுக்கணுமோல?" என்று பெரியப்பா கிண்டல் செய்தார். அப்பா கிண்டலைக்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். அத்தனை பேரும் அத்தனை நாளும் தோண்டி அளந்தபோது, எங்கள் அறையை எதற்காக அளந்தார்கள் என்று அவர் ஒரு முறையும் கேட்கவில்லை. அதை நினைத்தால் அவர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஏப்ரல் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். அப்பாவுக்குத் தமிழ் படிக்க வரும், இந்தி பேச வரும். இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் பிச், ரோலர், அவுட். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன்.

"என்னட்டி எழுதிருக்கு? சத்தமா படி" என்றார் அப்பா.

முதல் பத்தியில் எனக்குப் புரிந்தது மூன்றே சொற்கள். ஒன்று, முப்பது நாள். இரண்டாவது, வெகேட். எங்கள் பள்ளிக்கூடக் காலண்டரில் மே மாதத்துக்குக் குறுக்கே 'சம்மர் வெகேஷன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வெகேட் என்பது அதன் சுருக்கம் என்று நானே முடிவு கட்டினேன். மூன்றாவது சொல் பிரமிசஸ். பிராமிஸ் என்றால் சத்தியம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் தினமும் ஒருத்தர் தலையில் ஒருத்தர் அடித்துச் சொல்கிற சொல் அது. மூன்றையும் கூட்டி, "முப்பது நாள் லீவு குடுக்காங்கப்பா. சத்தியமா குடுக்கோம்னு எழுதிருக்காங்க" என்றேன். இரண்டாவது பத்தி முழுவதும் பெரிய பெரிய சொற்கள். அதைப் படித்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு மடித்துவிட்டேன்.

முப்பது நாளுக்குள் இடத்தைக் காலி செய் என்பதுதான் அதன் அர்த்தம். வெகேட் என்றால் காலி செய், பிரமிசஸ் என்றால் இடம். இன்றைக்கு என் அலுவலகத்தில் அந்த இரண்டு சொற்களும் வாரத்துக்குப் பத்துத் தடவை என் மேஜைக்கு வருகின்றன. ஒவ்வொரு தடவையும் காது சூடாகிவிடும்.

அம்மா அப்போதே சந்தேகப்பட்டாள். "எங்கம்மா செத்ததுக்கு நாலு நாளு லீவு கேட்டு நடையா நடந்திய. குடுக்கலையே. இப்போ கேக்காமலே முப்பது நாளு குடுக்காவளா? அதுவும் சத்தியம் பண்ணி? எங்கயோ இடிக்கி. வேற ஆளுகிட்ட காட்டுங்க."

"பிள்ள படிச்சிச் சொல்லுதா. நீ என்ன அவளவிடப் பெரிய படிப்பு படிச்சவளோ?" என்று அப்பா எரிந்து விழுந்தார். ஆனாலும் மறுநாள் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கிளப் ஆபீஸுக்குப் போனார்.

ஆபீஸில் குமாஸ்தா ஒருவர் இருந்தார். மாட்டுங்காவிலிருந்து வருவார். தமிழர். ஆபீஸ் சார் என்றுதான் சொல்வோம். அப்பாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. இந்தக் கிளப்பில் நம்முடைய பாஷையில் நம்மிடம் பேச ஓர் ஆள் இருக்கிறார் என்று தாராவி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"லீவு லெட்டர் வந்துருக்கு சார். பிள்ள படிச்சா. சரிதானான்னு ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு" என்றார் அப்பா.

"லீவா?" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "நீ படிச்சியாம்மா? எங்கே, படிச்சு அர்த்தம் சொல்லு பாக்கலாம்" என்றார்.

நான் சொன்னேன். வெகேஷன், பிராமிஸ், முப்பது நாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை ஒரு முறை பார்த்தார், அப்பாவை ஒரு முறை பார்த்தார். "பலே, நன்னாப் படிக்கறாளே உன் பொண்ணு. கிரவுண்டையே தோண்டிப் போட்டாச்சு, உனக்கு இங்க என்ன வேலை? குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டு வா. ஜூன்ல வந்தா போறும்" என்றார்.

அந்தக் கடிதத்தை டைப் அடித்தவரே அவர்தான். அதைக் கடைசி வரைக்கும் மறைத்து வைத்து உங்களுக்கு வேடிக்கை காட்ட எனக்கு விருப்பம் இல்லை. கீழே செயலாளருக்காக என்று போட்டிருந்த கையெழுத்தும் அவருடையது. என்ன எழுதியிருக்கிறது என்று அந்தக் கட்டடத்திலேயே மிக நன்றாகத் தெரிந்த மனிதர், ஒன்பது வயதுப் பெண் தப்பாகப் படித்ததைச் சரி என்றார். கடிதம் கிடைத்ததாக நகலில் அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அதோடு விட்டாரா? மே மாதத்தில் நாகர்கோவில் வண்டியில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பம்பாய்த் தமிழர்களைக் கேளுங்கள். கழிவறை வாசலில் உட்கார்ந்து போனவர்கள் நாங்கள். அவர் யாருக்கோ போன் செய்து நாலு பேருக்கும் படுக்கையோடு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். அப்பா கண்கலங்கிவிட்டார். "என்ன இருந்தாலும் தமிழாளு தமிழாளுதாம்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். என் படிப்புக்கு அன்று ஒரு வடா பாவ் பரிசு கிடைத்தது.

பம்பாயில் ஒரு குடியிருப்பை இடிக்கும் முன் சர்வேக்காரர்கள் வருவார்கள். ரேஷன் கார்டோடு அறைக்குள் ஆள் இருந்தால் பெயர் எழுதிக்கொள்வார்கள். எழுதியவர்களுக்கு மான்குர்த் பக்கம் ஏதாவது ஒரு கட்டடத்தில் மாற்று அறை தர வேண்டும். கதவில் பூட்டுத் தொங்கினால் ஒன்றும் கிடையாது. இது இந்த நகரத்தில் எல்லாருக்கும் தெரியும். சர்வே என்று காதில் விழுந்தால் ஜுரத்தோடு கிடக்கிறவன்கூட வீட்டுக்கு ஓடி வந்து வாசலில் உட்காருவான். அப்பாவும் உட்கார்ந்திருப்பார். சர்வே வருகிற தேதி அந்தக் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் இருந்தது. அன்றைக்கு எங்கள் கதவில் பூட்டுத் தொங்கியது. 'குடியிருப்போர் யாரும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதற்காகத்தான் அந்த டிக்கெட்.

ஊரில் இருந்த முப்பது நாளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அப்பா இன்டர்நேஷனல் மாலி என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ஆபீஸ் சாருக்கென்று ஓர் ஓலைக் கொட்டானில் தனியாகக் கருப்பட்டி வாங்கிக் கட்டினார். வண்டியில் தம்பி அதில் கை வைக்கப் போனபோது, "அது சாருக்குல்ல" என்று கையைத் தட்டிவிட்டார்.

மைதானத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் நீலத் தகரம் அடித்திருந்தார்கள். கொட்டகை இல்லை, அறை இல்லை. நாங்கள் எப்போதும் நுழைகிற இடத்தில் புதுசாக ஒரு கேட். யூனிபார்ம் போட்ட ஒருவன், "கிதர் ஜானா ஹை?" என்று எங்களை மறித்தான். எங்கே போகணுமாம்.

"ஹம் மாலி ஹை" என்றார் அப்பா.

"கோன்சா மாலி?" என்றான் அவன். எந்த மாலியாம்.

எங்கள் சாமான்கள் மூன்று கோணிப்பைகளில் தகரத்துக்கு வெளியே கிடந்தன. முதல் மழை பெய்திருந்தது. அம்மா ஒவ்வொரு பையாக அவிழ்த்துப் பார்த்தாள். என் பாடப் புத்தகங்கள் ஊறி உப்பியிருந்தன. அவள் அழவில்லை. தமிழ், இந்தி, மராத்தி என்று தெரிந்த பாஷையில் எல்லாம் ஏசிவிட்டு, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கோணிப்பை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன் பிறகு நாங்கள் பெரியப்பா வீட்டு மாடியில் ஐந்து வருஷம் ஒண்டியிருந்ததும், அப்பா அதே மைதானத்தில் ஒரு காண்டிராக்டரிடம் கூலியாக ரோலர் இழுத்ததும், முதல் சர்வதேச ஆட்டத்தின்போது ஆடுகளத்தைப் புகழ்ந்து டிவியில் வேறு யாரோ ஒரு பெரிய மனிதரின் பெயரைச் சொன்னதும் தனிக் கதைகள். அதையெல்லாம் எப்படியோ செரித்துவிட்டேன். செரிக்காதது, ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று ஆபீஸ் அறையில் நடந்தது.

அப்பா என்னையும் கடிதத்தையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். முதலில் கருப்பட்டியை மேஜைமேல் வைத்தார். வீடு இடிந்து கிடக்கிறது, அப்போதும் அதை வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். "என்ன சார் இது? லீவுன்னுதான சொன்னிய?"

ஆபீஸ் சார் கொட்டானைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "நான் எங்கப்பா சொன்னேன்? நோட்டீஸ்ல க்ளியரா போட்டிருக்கு, காலி பண்ணச் சொல்லி. தேதிகூடப் போட்டிருக்கு. உன் பொண்ணுதானே லீவுன்னு படிச்சா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கை வந்து விழுந்ததுதான் எனக்குத் தெரியும். அதற்கு முன்பு அவர் என்னை அடித்ததே இல்லை. காதுக்குள் வண்டி ஓடுகிற மாதிரி சத்தம். அந்த அடி மேஜைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய அடி. அந்தப் பக்கம் கை நீட்டினால் அடுத்த நாள் வேலை இல்லை, வேலை கேட்கத்தான் அவர் இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்தார். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் தப்பாகப் படித்தேன், அதனால் வீடு போயிற்று.

ஆபீஸ் சார் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "சேச்சே, என்னப்பா நீ, பொம்பளைக் குழந்தையைப் போய்க் கைநீட்டி அடிக்கறே? அது சின்னது, அதுக்கு என்ன தெரியும்?" என்று அப்பாவைக் கடிந்துகொண்டார். என் கன்னத்தைத் தடவினார். தன் கூஜாவிலிருந்து தன் டம்ளரிலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அந்த அறையில் எனக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை மேஜைமேல் கருப்பட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி நிமிர்ந்து நின்று, "தேங்க்யூ சார்" என்றேன்.

அப்பா கேட்டுக்கொண்டு நின்றார்.