கிருஷாந்தி போட்ட சிவப்புக் கோடு

தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தி ஓய்ந்த பிறகு, என் காலைப் பொழுது எங்கள் பொது நூலகத்தின் பத்திரிகை மேசையில்தான் கழிகிறது. கண்டிக்குக் கொஞ்சம் வெளியே, திகனவுக்குப் போகிற வீதியில் இருக்கிறது அந்த நூலகம். கதவு திறந்ததும் உள்ளே நுழையும் முதல் வாசகன் நான்தான். ஆகவே அங்கே யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறார்கள் என்பது கடிகாரத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நூலக உதவியாளர் கிருஷாந்தி ஹுன்னஸ்கிரிய தோட்டத்திலிருந்து வருகிறவர். எட்டரைக்கு வேலை. எட்டே முக்காலுக்கு, என் மேசைக்குப் பக்கத்தில் கிடக்கும் வரவுப் புத்தகத்தில் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே சிவப்புக் கோடு விழும். அதன் பிறகு வருகிறவர் கோட்டுக்குக் கீழே நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்று தரம் கீழே போனால் அரைநாள் லீவு போச்சு. ஏழு மணி பஸ் திகனக் கடைத்தெருவில் ஊர்ந்து வந்து சேர எட்டு ஐம்பது ஆகிவிடும். அதற்கு முந்தைய பஸ் ஐந்தரைக்கு. அதைப் பிடிக்க இருட்டில் தேயிலை மலைக்குள் இரண்டு மைல் நடக்க வேண்டும். பதினொரு வருஷமாக இந்த மனுஷியின் லீவெல்லாம் அந்தக் கோட்டுக்கே தீனி.

பழைய பிரதம நூலகரின் காலத்தில் கோட்டுக்கு மேலே எப்போதும் இரண்டு வரிகள் வெறுமையாகக் கிடக்கும். அவரும் அவருக்கு வேண்டிய ஒருவரும் ஒன்பதரைக்கு ஆடி அசைந்து வந்து, அதில் எட்டரை என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். விருந்தாளி வரிசை என்று அதற்குப் பெயரே வைத்திருந்தோம். பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிருஷாந்தியோ புத்தகம் அடுக்கப் போய்விடுவார். தன் வேலைநேரம் ஒன்பதுக்குத் தொடங்கும்படி மாற்றித் தரக் கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பம் ஏதோ ஓர் அலுமாரிக்குள் தூங்கியது.

இந்த வருஷம் தை மாதம் லீலாதேவி மேடம் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிப் பிரதம நூலகராக வந்தார். இனிமேல் கோடு போடுவது ஆளுக்கொரு வாரம் என்றார். கிருஷாந்தி விண்ணப்பத்தைப் புதிதாக எழுதி அவர் மேசையில் வைத்தார். வைத்த மறுவாரமே சிவப்புப் பேனை கிருஷாந்தியின் முறைக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க அவர் கணவர் மோகனராஜ் டோர்ச் பிடித்து அவரை ஐந்தரை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

புதன்கிழமை, எட்டே முக்கால். மேடத்தைத் தவிர எல்லோரும் கையெழுத்திட்டாயிற்று. கிருஷாந்தி கோடு போட அடிமட்டத்தை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அக்கா, ஒங்கட கடிதம் மேடத்துட மேசையிலதான் கெடக்கு," என்றார் பக்கத்தில் நின்ற சக ஊழியர் றமீஸா. "இண்டக்கி மட்டும் ஒரு வரிய வுட்டுட்டுப் போடுங்களே."

"விட்டுட்டா, நாளைக்கு எந்த மொகத்த வச்சுக்கிட்டு நான் நியாயம் கேக்குறது?"

நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தேனே ஒழிய ஓர் எழுத்தும் வாசிக்கவில்லை. கோடு கடைசிக் கையெழுத்தை ஒட்டி நேராக விழுந்தது.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு மேடம் வந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசலாம். புத்தகத்தைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"இண்டைக்கு ஆர் கோடு போட்டது?"

"நாந்தாங்க மேடம்."

மேடம் கோட்டுக்குக் கீழே நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே போனார். கிருஷாந்தி அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவேயில்லை. "பதினொரு வருசம் காத்துக்கிட்டு இருந்து, இன்னைக்கு நானே கெடுத்துக்கிட்டேன் ஐயா," என்றார் என்னிடம். எனக்கும் அப்படித்தான் பட்டது. மேலதிகாரிகளை முப்பத்திரண்டு வருஷம் பார்த்தவன் நான்.

மூன்று மணிக்கு மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, தானாகவே கேட்டது.

"காலமை எனக்குக் கோவம் வந்தது உண்மை. ஆனா பிழை என்னிலதான். மூண்டு தரம் பிந்தினா எனக்கும் அரைநாளை வெட்டுங்கோ. கிருஷாந்தி, உங்கட கடிதத்தில மட்டும் நான் தனியக் கையெழுத்து வைக்கமாட்டன்."

கிருஷாந்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்கு மட்டும் தந்தா அதுவும் சலுகைதான். பின்னேரம் அஞ்சரைக்குப் பூட்ட ஆர் நிக்கிறது எண்டு நெடுகச் சண்டை பிடிக்கிறியள். தூர இருந்து வாறவை ஒன்பதுக்கு வந்து, அஞ்சரைக்குப் பூட்டிப்போட்டுப் போகட்டும். ஆருக்கு விருப்பம்? எல்லாற்ற பேரையும் சேர்த்து அனுமதிக்கு எழுதுறன்."

முதலில் உயர்ந்தது அக்குறணையிலிருந்து வரும் றமீஸாவின் கை. கிருஷாந்திக்கு மேடம் சொன்னது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கையை உயர்த்தினார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்?

அனுமதி அடுத்த மாதம் வந்தது. முதல் நாள், அதே ஏழு மணி பஸ்ஸில், அதே எட்டு ஐம்பதுக்கு கிருஷாந்தி வந்தார். கையெழுத்திட்டுவிட்டு அலுமாரியிலிருந்து ஒரு நாவலை உருவி எடுத்து, எனக்கு எதிரே கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் புத்தகம் எடுத்துக் கொடுத்த அந்த மனுஷி அங்கே உட்கார்ந்து வாசித்து நான் பார்த்ததேயில்லை.

"இத நூறு தடவ அடுக்கியிருக்கேன் ஐயா. உள்ள என்னா இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்கப் போறேன். ஒம்பது மணி வரைக்கும் என்னைய கூப்பிடாதீங்க."