மலை மறைந்தால் திரும்பு

பஞ்சத்தில் ஒல்லாந்தர் கப்பலுக்கு அடிமையாக விலைபோனவர்கள் கடலில் குதித்துத் தப்பி, மேற்கு மலையில் ஒளிந்திருக்கிறார்களாம். பழவேற்காடு முழுக்க இதே பேச்சு. நாகாத்தாவின் மகன் எல்லனும் விலைபோனவன்தான். அவள் மலைக்கே போய்ப் பார்த்துவிடக் கிளம்பினாள். கடலில் அந்த மலை கண்ணுக்கு மறைந்தால் படகைத் திருப்பிவிடுவது குப்பத்து வழக்கம். கப்பல் துரைமாருக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

மலைமேல் ஓர் ஆட்டுக்காரன் மட்டும் இருந்தான்.

"நைனா, எம்மவன் எல்லன் இங்க..."

"ஆளே வராத மலைன்னு இதுக்குப் பேரு. இப்ப அம்மாங்களா வந்துனே கீறீங்க. புள்ளைங்கதான் ஒருத்தனும் வர்ல. மொதல்ல குடி," என்று கூழ் ஊற்றினான்.

குடித்துவிட்டு நாகாத்தா திரும்பிப் பார்த்தாள். கடல் வெறும் கோடாகக் கிடந்தது. கப்பல் எதுவும் இல்லை.

"சும்மா குடிக்கல நைனா. கூழுக்குக் கருவாடு தரேன். எம்மவன் கையிலயே குடுத்தனுப்பறேன்."

ஆட்டுக்காரனுக்கு அந்தக் கருவாடு இன்னும் வந்து சேரவில்லை.