சைக்கிள்காரங்க காலடி மண்ணு

அது கெடக்கட்டும் தங்கச்சி, டிவில காட்னாங்கன்றியே, சைக்கிள்லயே மலமலயா சுத்தறவங்கள, அவங்கள நா கிட்டத்துல நின்னே பாத்தேன். பாத்தது இன்னா, தொரத்தினு போயி புடிச்சேன். சிரிக்காத! சைக்கிள்லதான் போனேன்.

எம் பொண்ண சாந்திபுரம் பக்கம் குடுத்துக்கீறேன் இல்ல? அங்க ஒரு மேடு ஏறனா ஒரு திராட்சப் பந்தலு, ஒரு பள்ளம் எறங்கனா இன்னொரு பந்தலு. மருமவனுதும் ரோட்ட ஒட்டித்தான் கீது. அந்தப் பழம் அந்தாண்ட கர்நாடகாவுல ஒயின் பண்ற ஃபேக்டரிக்குப் போவுது. மொத மொத கேட்டப்ப நா ஆடிட்டேன். "எம் பொண்ண சாராயக்காரனுக்கா குடுத்தேன்?"னு கத்தனேன். அவரு மெதுவா, "அத்தே, நா பழம் வெக்கறவன். அப்பால அத அவங்க இன்னா பண்ணா எனக்கின்னா"ன்னாரு. ரொம்பப் பொறும. நம்ம வூட்டு ஆம்பளைங்களுக்கு அதுல பாதி இருந்தா நா ஏன் இப்டி ஆவறேன்?

போன வருசம் பழம் வெட்டற நேரத்துல ஆலங்கட்டி மழ. எல்லாம் தரையில. இந்த வருசமும் அப்டி ஆனா பந்தலப் பிரிச்சிட்டு பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்னு மருமவன் சொல்லிட்டாரு. எம் பொண்ணுக்கு அதே நெனப்பு. அதான் தொணைக்கு நா போனேன். மறுநாளு காலைல வெட்டு. ஆளுங்களுக்கு சொல்லியாச்சு, லாரிக்கு சொல்லியாச்சு.

அன்னிக்கின்னு பாத்து வந்தானுங்க. தலைல சட்டி மாதிரி ஒண்ணு, ஒடம்ப ஒட்னாப்ல சொக்கா, ஒரு பத்து பன்னெண்டு பேரு. பொம்பளைங்களும் கீறாங்க. பந்தலுக்கு எதுக்க நின்னாங்க. நின்னுட்டுப் போவ வேண்டியதுதானே? "அப்பா! எவ்ளோ கொத்து! ஒரு எல கூடத் தெரியலயே!"ன்றா ஒருத்தி. "இக்கட சூடு, இக்கட சூடு"ன்னு, இங்க பாருன்னு தெலுங்குல கத்றான் இன்னொருத்தன். ஃபோன தூக்கி தூக்கி போட்டோ. வெட்டப் போற பயிர வாய் தொறந்து யாராச்சும் புகழ்வாங்களா? பெத்த புள்ளயவே நாம அப்டி சொல்ல மாட்டோமே! கேட்டுடலாம்னு எழுந்தேன். நா வெளிய வரதுக்குள்ள சைக்கிள ஏறிப் பூட்டாங்க.

எம் பொண்ணு மூஞ்சி செத்துப் போச்சு. "எம்மா, கண்ணு வெச்சிட்டாங்கம்மா. வானத்தப் பாரு"ன்னா. பாத்தா மேக்கால கறுத்துக்கினு வருது.

கண்ணுப் பட்டா இன்னா பண்ணணும்? வெச்சவங்க காலடி மண்ண எடுத்து, மொளகா உப்போட சுத்தி நெருப்புல போடணும். மண்ணு எடுக்கலாம்னு போனா, மண்ணு எங்க கீது? அவங்க நின்னது தாரு ரோடு! அதுவும் ஒரு காலு பெடல் மேல. இப்டியும் கண்ணு வெப்பாங்களா, தடமே இல்லாத?

மருமவன் சைக்கிள் மரத்துல சாஞ்சிருந்துச்சு. நா வயசுல தறிக்கு நூலு மூட்ட கட்டினு நம்ம நகரி பூரா சைக்கிள்ல சுத்தனவ, உனுக்குத்தான் தெரியுமே. பொடவைய தூக்கி சொருவனேன். "எம்மா வேணாம்மா, காலு ஒடஞ்சா யாரு பாக்கறது?"ன்னு எம் பொண்ணு பின்னால ஓடி வரா. "ஒடஞ்சா நீ பாரு"ன்னுட்டு ஏறிட்டேன்.

மேட்டுல தள்ளினு போனேன், அத நா மறைக்கல. நாக்கு வெளிய வந்துடுச்சு. ஆனா உச்சியில நின்னு பாத்தேன் பாரு! ரெண்டு பக்கமும் பந்தலு, பச்சப் பாய விரிச்சாப்ல. கீழ எளநீ கடையாண்ட அதுங்க கலர் கலரா குந்திக்கினு கீதுங்க. ஏறி வுட்டேன் எறக்கத்துல. பிரேக்கு புடிக்கல. மருமவன் வண்டி, எப்டி புடிக்கும்? காத்து காதுல வுய்யின்னு கத்துது, எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. எதுக்குப் போறோம்னே ஒரு நிமிசம் மறந்து பூட்டேன்.

காலத் தேச்சி தேச்சி நிறுத்தனேன். எல்லாம் எழுந்து கை தட்டுதுங்க! "சூப்பர் அம்மம்மா!"ன்னு ஒருத்தன். எனக்கு வந்துச்சே கோவம். நா எதுக்கு வந்தேன், இதுங்க எதுக்கு கை தட்டுதுங்க? குனிஞ்சி ஒருத்தன் காலாண்ட கைய வெச்சேன். அவன் துள்ளி எகிறினான். "அய்யோ, கால்ல வுழாதீங்க!" அடுத்தவகிட்டப் போனா அவ என் கால்ல வுழறா. இவ வுழ, நா வுழ, ஒரே கூத்து. அதுல அவங்களுக்கு லீடரு ஒருத்தன், நூறு ரூவா நோட்ட எடுத்து நீட்றான்!

"அடப்பாவி! எம் மருமவனுக்கு பந்தலு கீதுடா, எனக்கு தறி கீதுடா. பிச்ச எடுக்கவா சைக்கிள்ல வருவேன்?"ன்னு வுட்டேன் பாரு, எளநீ கடக்காரன் கத்திய கீழ வெச்சிட்டான்.

அந்தக் கும்பல்ல ஒரு வேலூரு பொண்ணு இருந்துச்சு. "ஆயா, இன்னா வேணும், எங்கிட்ட சொல்லு"ன்னுச்சு. சொன்னேன். ஆலங்கட்டி மழையும் சொன்னேன், வாட்ச்மேன் வேலையும் சொன்னேன். அது எல்லாருக்கும் இங்கிலீசுல எடுத்து சொல்லிச்சு. லீடரு சிரிச்சிக்கினே, "இதெல்லாம் மூட நம்பிக்க அம்மம்மா"ன்னான்.

பின்னாலயே அவங்க மூட்டைங்கள ஏத்திக்கினு வர வேனு நிக்குது. "அப்ப உன் வேனு முன்னால எலுமிச்சங்காயும் மொளகாயும் தொங்குதே நைனா, அது இன்னா, ஊறுகா போடவா?"ன்னேன்.

அவன் வேனப் பாத்தான், என்னப் பாத்தான். எல்லாம் வுழுந்து வுழுந்து சிரிக்குதுங்க. வேலூரு பொண்ணு மொதல்ல ஷூவ கழட்டிச்சு. அவங்க ஷூவுக்கு அடில இரும்புத் தகடு, ஒரு மண்ணும் ஒட்டாது. வரிசையா எல்லாம் வெறுங்காலோட மண்ணுல எறங்கி மிதிச்சாங்க, லீடரும்தான். நா ஒவ்வொரு தடத்துலயும் ஒரு சிட்டிக எடுத்து முந்தானில முடிஞ்சேன்.

சரி, முடிஞ்சிதுன்னு பாத்தா அந்தப் பொண்ணு, "ஆயா, ஒரு விசயம். நா போட்டோவ அப்பவே ஃபோன்ல போட்டுட்டேன். எரநூறு பேரு பாத்து லைக் பண்ணிட்டாங்க. அவங்க காலடி மண்ணுக்கு எங்க போவ?"ன்னுச்சு.

கேட்டியா தங்கச்சி? எரநூறு கண்ணு! எந்த ஊரோ எந்த நாடோ! சத்தியமா அங்கயே குந்திட்டேன். "அழி. மொதல்ல அழி. எல்லாரும் அழிங்க"ன்னேன். ஒருத்தன் மொணகனான், நல்லா வந்த போட்டோவாம். "அது உனுக்கு போட்டோ, எம் பொண்ணுக்கு அதான் சோறு"ன்னேன். ஒடனே அழிச்சான். ஒவ்வொரு ஃபோனா என் மூஞ்சிக்கு நேரா காட்ட வெச்சேன். எனக்கு அதுல இன்னா தெரியும்? ஆனாலும் காட்டணும் இல்ல?

வேன்ல ஏறிக்கோன்னாங்க. "எனக்கு இன்னா, காலு இல்லயா?"ன்னு வீராப்பா கெளம்பிட்டேன். பாதி மேட்டுல, ஏறியிருக்கலாமேன்னு தோணிச்சு. தோணி இன்னா பண்றது.

பொழுது சாயறப்ப பந்தல சுத்தி வந்து நெருப்புல போட்டோம். இம்மா மொளகா, ஒரு தும்மல் வரல! எம்மாம் கண்ணு பட்டிருக்கணும், நீயே சொல்லு. மழ வந்துச்சு, வராத இல்ல. ஆனா மலைக்கு அந்தாண்ட கொட்டிட்டுப் பூடுச்சு. காலைல கொத்து அத்தினியும் முழுசா வெட்டி லாரி ஏறிடுச்சு. எம் பொண்ணு லாரி பின்னாலயே ரோடு வரைக்கும் போயி நின்னா. இந்த மருமவன் இன்னா சொல்றாருன்ற? "நல்ல வேள, காத்து தெச மாறிடுச்சு அத்தே"ன்றாரு! காத்தாம்! மேடு ஏறனது நானு, பேரு காத்துக்கு! பொறுமசாலின்னு சொன்னேன் இல்ல, அத வாபஸ் வாங்கிக்கறேன்.

பந்தலு நிக்குது, அது போதும். இந்தா, வரப்ப உனுக்குன்னு ரெண்டு கொத்து கட்டினு வந்தேன். ஏ, இன்னாமே அப்டியே வாயில போட்ற? மருந்து அடிச்ச பழம்! கைய எடு. இரு, உப்புத் தண்ணில அலசினு வரேன்.